கால்வாய்க்கு மேற்கே: புதுச்சேரியின் அங்காடி, சமையல், தமிழ் வீடுகள் குறித்த ஒரு வரலாற்று மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

புதுச்சேரிக்கு வரும் பயணியர் பெரும்பாலோர் கடற்கரைச் சாலையையும் அதை ஒட்டிய பிரெஞ்சுத் தெருக்களையும் கண்டு திரும்புகின்றனர். நகரின் நடுவே ஓடும் பெரிய கால்வாய்க்கு மேற்கே உள்ள தமிழர் பகுதி, அப்பயணத்தின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறது. இக்கட்டுரை ஆனந்தரங்கப் பிள்ளையின் இல்லம், திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட தமிழ் வீடுகள், குபேர் அங்காடி, வடகம் என்னும் சமையற்பொருள் ஆகிய நான்கு சான்றுகளின் வழியே அந்நகரின் வரலாற்றை மறுவாசிப்புச் செய்கிறது. பயணியின் பார்வை எதைக் காண்கிறதோ அதுவே பாதுகாக்கப்படுகிறது என்பதும், முகப்பை மட்டும் மரபாகக் கொள்ளும் அளவுகோல் தமிழர் பகுதியின் புழங்குவெளிகளுக்குப் பொருந்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, ஆனந்தரங்கப் பிள்ளை, தாழ்வாரம், குபேர் அங்காடி, வடகம், மரபுப் பாதுகாப்பு.

1. முன்னுரை

ஒரு நகரத்தைக் காண்பது என்பது அந்நகரத்திற்குள் ஒரு பாதையைத் தேர்ந்தெடுப்பதே ஆகும். புதுச்சேரியில் அப்பாதை ஏறத்தாழ நிலைபெற்றுவிட்டது. காந்தி சிலை, 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போர் நினைவுச் சின்னம், பாரதி பூங்கா, மஞ்சளும் வெள்ளையும் பூசிய மதில்களுக்கு இடைப்பட்ட நேர்த்தெருக்கள், இறுதியில் ஓர் உணவகம் என்பதே அவ்வரிசை. இப்பகுதி இன்று விடுதிகளின் விளம்பரங்களில் ‘ஒயிட் டவுன்’ என்று அழைக்கப்படுகிறது. ஆட்சியாளர் வெள்ளை நகரம், கருப்பு நகரம் என்று மக்களைப் பிரித்துக் குறித்த காலனியச் சொல்வழக்கு, சுற்றுலாவின் வழியாக மீண்டும் புழக்கத்திற்கு வந்திருப்பதை ஆய்வாளர் கவனிக்க வேண்டும். ‘வெள்ளை’ மட்டும் வணிகப் பெயராக எஞ்சியிருக்கிறது. அதன் இணைச்சொல் கூச்சத்தோடு கைவிடப்பட்டது. அதனோடு அச்சொல் சுட்டிய நிலப்பகுதியும் பார்வையிலிருந்து விலகியது.

இக்கட்டுரை அப்பாதையைத் திருப்பி, மேற்கிலிருந்து தொடங்குகிறது. பிரெஞ்சுப் பகுதியின் சிறப்பைக் குறைத்துக் காட்டுவது இதன் நோக்கமன்று. இரு பகுதிகளும் ஒரே வரலாற்று நிகழ்வின் விளைவுகள் என்பதையும், ஒன்றை விலக்கி மற்றொன்றை விளக்க இயலாது என்பதையும் நிறுவுவதே நோக்கமாகும்.

2. இடிந்தும் எழுந்தும் வந்த நகரம்

புதுச்சேரிக் கரையின் வணிக வரலாறு ஐரோப்பியர் வருகைக்கு மிக முற்பட்டது. நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானிய மட்கலங்களின் வாயிலாக அதன் கடல்கடந்த வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தியது. கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்ளூஸ் குறிப்பிடும் ‘பொதுகே’ என்னும் துறைமுகம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்தாகும்.

பிரெஞ்சுக் குடியிருப்பு 1674இல் பிரான்சுவா மர்த்தேன் காலத்தில் தொடங்குகிறது. 1693இல் நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் 1699 வரை ஆண்டனர். இன்று ‘பிரெஞ்சு ஒழுங்கு’ என்று வியக்கப்படும் செங்கோணத் தெருவமைப்பிற்கான வரைபடம் அவர்கள் காலத்தில் உருவானது. பின்னர் கடற்கரையருகே ஐங்கோண வடிவில் எழுந்த லூயி கோட்டை 1706இல் நிறைவுற்றது.

இவற்றுள் பெரும்பகுதி இன்று இல்லை. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூருக்கு அருகிலுள்ள புனித டேவிட் கோட்டையை இடித்தார். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபோது அதற்கு ஈடாக நகரமே திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டது. 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி திரும்பப் பெற்ற இடத்தில் 1765 முதல் மறுகட்டுமானம் நடைபெற்றது. அதன் பின்னரும் 1778, 1793, 1803 ஆகிய ஆண்டுகளில் நகர் கைமாறியது. 1816இல்தான் பிரெஞ்சு ஆட்சி நிலையாக மீண்டது. 1954 நவம்பர் 1இல் ஆட்சி இந்தியாவிடம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அம்மாற்றம் சட்டப்படி முழுமை பெற்றது.

இக்காலவரிசை ஓர் அடிப்படை உண்மையைத் தெளிவாக்குகிறது. கடற்கரைப் பகுதியில் பயணி காணும் கட்டடங்களுள் பெரும்பாலானவை மறுகட்டுமானத்திற்கும் 19ஆம் நூற்றாண்டிற்கும் உரியவை. ‘பழைய பிரெஞ்சு நகரம்’, ‘அதைச் சூழ்ந்து பின்னர் வளர்ந்த தமிழ் நகரம்’ என்னும் பொதுப்புரிதலுக்குக் காலவரிசையில் ஆதாரமில்லை. இரண்டும் ஒரே இடிபாட்டிலிருந்து, பெரிதும் ஒரே கொத்தர்களின் கைகளால், அதே அச்சுக்கல்லையும் சுண்ணச் சாந்தையும் கொண்டு எழுந்தவை.

பிரிவினையும் முழுமையானதாக இருந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் வருகைக்கு முன்பே இருந்ததாகக் கூறப்படும் மணக்குள விநாயகர் கோயில் கால்வாய்க்குக் கிழக்கே, வெள்ளையர் பகுதிக்குள்ளேயே நிற்கிறது. 1791இல் முடிவுற்ற அமலோற்பவ அன்னை பேராலயம் கால்வாய்க்கு மேற்கே நிற்கிறது. அதனை மக்கள் இன்றும் ‘சம்பா கோயில்’ என்றே அழைக்கின்றனர். புனித பவுலின் பெயரைத் தமிழ் நாவு தன்வயப்படுத்திய வடிவம் அது.

3. ரங்கப் பிள்ளையின் வீடு: ஒரு சான்று

1761ஆம் ஆண்டு அழிவுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் ஒன்று ஆளுநரின் மாளிகையன்று. ஒரு தமிழ் வணிகரின் இல்லம். 1730களில் எழுப்பப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, அவர் பெயராலேயே வழங்கும் ரங்கப் பிள்ளை வீதியில், அங்காடியை அடுத்து நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள் தாங்கும் முற்றம் இருக்கிறது. மேல்தளத்தில் ஐரோப்பிய முறையில் கட்டிச் சுண்ணம் பூசிய வெண்தூண்கள் நிற்கின்றன. இருவேறு கட்டடக்கலை மரபுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இவ்வடிவமே பிற்காலத்தில் ‘பிராங்கோ-தமிழ்’ பாணி என்று பெயர் பெற்றதன் தொடக்கநிலைச் சான்றாகும்.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்த பிள்ளை, துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார். 1736 செப்டம்பரில் அவர் எழுதத் தொடங்கிய நாட்குறிப்பு, நகரம் வீழ்வதற்குச் சில நாள்களுக்கு முன் 1761 சனவரி 12இல் அவர் இறக்கும் காலம்வரை நீள்கிறது. 1846இல் கலுவா மோன்பிரேன் என்னும் பிரெஞ்சு அலுவலரால் வெளிச்சத்திற்கு வந்த அச்சுவடிகள், 1904க்கும் 1928க்கும் இடையில் சென்னை அரசால் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டன.

நாட்குறிப்பை அரசியல் வரலாற்றின் மூலமாகவே ஆய்வுலகம் பெரிதும் பயன்படுத்தி வந்துள்ளது. அதனை நகர வெளியின் ஆவணமாகவும் வாசிக்க இடமுண்டு. கப்பல் வரவு, துணிக் கொள்முதல், பாக்கு மண்டி, கும்பினி அலுவலரைக் காணப் புறப்பட்ட வேளை, வீடு திரும்பிய வேளை ஆகியவை நாள்தோறும் பதிவாகியுள்ளன. வீடு, மண்டி, கோட்டை என்னும் மூன்று இடங்களுக்கிடையே இயங்கிய ஒரு வாழ்க்கை அதில் புலப்படுகிறது. கால்வாய்க்கு இருபுறமும் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் சாராமல் ஒரு நாளும் கழியவில்லை என்பதையும் அது காட்டுகிறது. ‘ஆனந்தப்புரவி’ என்னும் சொந்தக் கப்பலையும் உடையவராக இருந்த பிள்ளைக்கு, கடற்கரை காட்சிக்குரிய இடமாக இருக்கவில்லை; தொழிற்களமாகவே இருந்தது.

அவ்வுறவு சமமானதாக இருந்தது என்று கொள்ளவும் கூடாது. 1748 செப்டம்பரில், ஆங்கிலத் தளபதி போஸ்கவனின் முற்றுகையின்போது, சம்பா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆளுநரின் நம்பிக்கைக்குரியவராக இருந்தும் பிள்ளையால் அதனைத் தடுக்க இயலவில்லை. அந்நிகழ்வை அவர் துயரத்தோடு பதிவு செய்கிறார். கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. தமிழர் பகுதியின் கட்டட வரலாறு இழப்பையும் இடமாற்றத்தையும் உள்ளடக்கியது என்பதற்கு இது முதன்மைச் சான்று.

4. மதிலும் தாழ்வாரமும்

இருபகுதி வீடுகளும் தெருவோடு கொள்ளும் உறவில் வேறுபடுகின்றன. பிரெஞ்சு வீடு உயர்ந்த மதிலால் தன்னைத் தெருவிலிருந்து விலக்கிக்கொள்கிறது. பெரிய வாயிற்கதவு, அதனுள்ளே தோட்ட முற்றம், வளைவுகள் தாங்கும் நடைக்கூடம், சாய்பலகைக் கதவுகளிட்ட நெடிய சன்னல்கள் என்பது அதன் அமைப்பு. வழிச்செல்வோர் காண்பது மதிலையும் அதன்மேல் படர்ந்த காகிதப்பூக் கொடியையுமே.

தமிழ் வீடு தன் முன்பகுதியைத் தெருவுக்கு ஒப்படைக்கிறது. தெருவோரத்தில் மரத்தூண்கள் தாங்க, ஓடு வேய்ந்து இறங்கும் சாய்கூரை தாழ்வாரம் எனப்படுகிறது. அதனை அடுத்துச் சற்று உயர்ந்த மேடையாகத் திண்ணை அமைகிறது. பின் நடை, முற்றம், அதைச் சுற்றிய அறைகள், கொல்லைப்புறம் எனப் பொதுமையிலிருந்து தனிமைக்குப் படிப்படியாக வீடு நகர்கிறது. அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் இணையும்போது தெரு முழுவதற்கும் நிழல்நடை ஒன்று கிடைக்கிறது. அது தனியார் செலவில் கட்டப்பட்டுப் பொதுமக்களால் பயன்படுத்தப்பட்ட வெளியாகும். வெயிலுக்கு ஒதுங்கியவரும் கூடைக்காரரும் அங்கே தங்கிச் சென்றனர். சாதியின் அடிப்படையில் தெருக்கள் பகுக்கப்பட்டிருந்த நகரில் அத்தங்கல் எல்லோருக்கும் ஒரேவகையாக வாய்த்திருக்காது என்பதையும் மறக்கலாகாது. வெள்ளாளர் வீதி, கோமுட்டி வீதி முதலிய பெயர்கள் அப்பகுப்பை இன்றும் நினைவூட்டுகின்றன.

1908முதல் 1918வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியாரின் இல்லம் ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியிலும், பாரதிதாசனின் இல்லம் பெருமாள் கோயில் வீதியிலும் அமைந்துள்ளன. இரண்டும் கால்வாய்க்கு மேற்கே உள்ளவை. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கவிதையின் இரு பெரும் பெயர்களை இணைக்கும் இவ்வீதிகள் பயணப்பாதையின் நடுவில் இடம்பெறாதது வியப்புக்குரியது.

5. பெரிய மார்க்கெட் என்னும் புழங்குவெளி

புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் பெயரால் குபேர் அங்காடி என்று ஆவணங்கள் குறிக்கும் இடத்தை நகர மக்கள் ‘பெரிய மார்க்கெட்’ என்றே வழங்குகின்றனர். முன்னர் துய்ப்ளே வீதி எனப்பட்ட நேரு வீதிக்கும் ரங்கப் பிள்ளை வீதிக்கும் இடையே அது பரந்துள்ளது. காய்கறி, மீன், பூ, மளிகை எனப் பொருள்வாரியாகப் பிரிந்த வரிசைகளும், அவற்றினிடையே இருவர் ஒதுங்கிச் செல்லுமளவே அகலமுள்ள நடைபாதைகளும் அதன் அமைப்பு. நடுவே மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. கரையோரக் குப்பங்களைச் சேர்ந்த பெண்கள் மீன் விற்கும் பகுதியும் மாலை கட்டுவோர் அமரும் பூக்கடை வரிசையும் நகரின் அன்றாடப் பொருளியல் இயங்கும் முறையை ஆய்வாளருக்கு நேரடியாகக் காட்டுகின்றன. ஞாயிறுதோறும் மகாத்மா காந்தி சாலையில் பரவும் ‘சண்டே மார்க்கெட்’ இதன் நீட்சி எனலாம்.

பிள்ளையின் வீடும் அங்காடியும் அடுத்தடுத்து அமைந்திருப்பது தற்செயலன்று. வணிகரின் இல்லம், பண்டக வெளி, தெரு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற நகர அமைப்பின் எச்சம் அது. அங்காடியின் மதிப்பு அதன் சுவர்களில் மட்டும் இல்லை. யார் எங்கே அமர்ந்து எதை விற்கிறார் என்னும் தலைமுறை வழக்கிலும் இருக்கிறது.

2017இல் புதுச்சேரி பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட பின்னர், இவ்வங்காடியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் முன்வைக்கப்பட்டது. வணிகர்கள் அதனை எதிர்த்தனர். இருதரப்பு வாதங்களிலும் உண்மையுண்டு. வடிகால், தீத்தடுப்பு, மீன்பகுதியின் தூய்மை ஆகியவற்றில் சீரமைப்புத் தேவை என்பதை அங்காடிக்குள் நடந்த எவரும் மறுக்க முடியாது. இடைக்காலத்தில் வேறிடம் பெயர்ந்தால் வாடிக்கையாளரை இழப்போம், கட்டி முடித்தபின் பழைய இடம் கிடைக்குமா என்ற விற்பனையாளரின் அச்சத்தையும் புறக்கணிக்க முடியாது. தரையில் கூடை வைத்து விற்கும் பெண்ணுக்குக் கடையெண் இல்லை. ஆகவே ஒதுக்கீட்டுப் பட்டியலில் இடம்பெறுவதும் எளிதன்று. வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா, பழையது வேண்டுமா புதியது வேண்டுமா என்பதன்று. புதிய கட்டடத்தின் வரைபடத்தில் பழைய அங்காடியின் இருக்கை முறை இடம்பெறுகிறதா என்பதே அவ்வினா.

6. வடகம் கடந்த தொலைவு

கட்டடங்களைப் போலவே உணவும் இருபகுதி உறவின் ஆவணமாகும். சின்ன வெங்காயம், பூண்டு, உளுத்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சேர்த்து, விளக்கெண்ணெய் தடவி உருட்டி வெயிலில் உலர்த்துவது தாளிப்பு வடகம். குழம்பின் இறுதியில் ஓர் உருண்டையைப் பிய்த்துத் தாளிப்பது தமிழர் வீட்டு வழக்கம். இப்பொருள் பிரெஞ்சுக் குடும்பங்களின் சமையலறைக்குள் சென்று ‘வடுவான்’ எனப் பெயர் திரிந்தது. பின்னர் உருண்டை வடிவத்தை இழந்து, உதிரியான மசாலையாக ஐரோப்பிய, அமெரிக்க உணவகங்கள்வரை பரவியது. இன்று வெளிநாட்டு அங்காடிகளில் ‘பிரெஞ்சு மசாலை’ என்னும் அடையோடு அது விற்கப்படுகிறது.

சமையலறையில் இப்பரிமாற்றத்தை நிகழ்த்தியவர் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு வீடுகளின் அடுப்படியில் நின்றவர்களும், கால்வாயைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பியவர்களும் தமிழரே. அவர்கள் பெயர்கள் ஆவணங்களில் இல்லை. அவர்கள் கொண்டு சென்ற சொல் மட்டும் திரிந்த வடிவில் எஞ்சியுள்ளது.

பரிமாற்றம் எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. நீண்ட பிரெஞ்சு ரொட்டி தமிழர் வீட்டுக் காலை உணவில் இடம்பிடித்தது. பிரெஞ்சு இந்தோசீனாவில் படைப்பணியும் அலுவலகப் பணியும் ஆற்றித் திரும்பிய குடும்பங்கள் வியட்நாமிய உணவு வகைகளையும் உடன்கொணர்ந்தன. ஆகவே புதுச்சேரிச் சமையலை ‘பிரெஞ்சும் தமிழும் கலந்தது’ என்று சுருக்குவது போதாது. படை, கப்பல், ஓய்வூதியம் ஆகியவற்றால் பின்னப்பட்ட ஒரு பேரரசின் இடப்பெயர்வு வரலாறு அதில் அடங்கியிருக்கிறது. கடற்கரை உணவகத்தின் பட்டியலில் அவ்வுணவு இடம்பெறும்போது, விலை அச்சிடப்படுகிறது, வரலாறு விடுபடுகிறது.

7. காணப்படுவதும் காக்கப்படுவதும்

இந்தியக் கலை, பண்பாட்டு மரபு தேசிய அறக்கட்டளை 1990களில் தயாரித்த பட்டியலில் ஏறத்தாழ 1,800 கட்டடங்கள் இடம்பெற்றன. அவற்றுள் கணிசமானவை அதன்பின் இடிக்கப்பட்டன. தமிழர் பகுதி பெரும் இழப்பைக் கண்டது. இதற்கு உடைமையாளரின் அக்கறையின்மையைக் காரணமாகக் காட்டுவது எளிது. ஆனால் அது முழு விளக்கமாகாது. கூட்டுக்குடும்பம் பிரிந்தபோது ஒரு முற்றத்தைப் பல பங்குகளாக்க முடியவில்லை. நிலமதிப்பு உயர்ந்தது. சுண்ணப்பூச்சு வேலையும் மெட்ராஸ் ஒட்டு வேலையும் அறிந்த கொத்தர் அருகினர். கடற்கரைப் பகுதி வீட்டை விடுதியாக்கினால் வருவாய் கிடைத்தது. அங்காடியை அடுத்த தெருவில் அதே வாய்ப்பு அரிதாகவே அமைந்தது. பயணியின் கால் படாத தெருவில் பழைய வீட்டைப் பேணுவதன் முழுச்சுமையும் குடும்பத்தின்மீதே விழுந்தது.

மாற்று வழி உண்டு என்பதற்கும் இந்நகரிலேயே சான்று இருக்கிறது. 2002முதல் 2004வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா-ஊர்ப்ஸ் திட்டத்தின்கீழ், இத்தாலியின் ஊர்பீனோ, பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவோடு வைசியாள் வீதியின் முகப்புகள் சீரமைக்கப்பட்டன. தனிக் கட்டடமாக அன்றி ஒரு தெருவை முழுமையாக மரபலகாகக் கருதியதே இம்முயற்சியின் சிறப்பு. அதற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இதனோடு கடற்கரையிலிருந்த மேரி கட்டடத்தை ஒப்பிடலாம். 19ஆம் நூற்றாண்டில் நகராட்சி மன்றமாக எழுந்த அக்கட்டடம் 2014 நவம்பரில் மழையின்போது சரிந்தது. பின்னர் உலக வங்கியின் நிதியுதவியோடு பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அம்மறுகட்டுமானம் பாராட்டுக்குரியதே. ஆயினும் முற்றிலும் சரிந்த ஒரு கட்டடத்தை மீட்டெடுக்கும் நிதியும் உறுதியும் ஓரிடத்தில் இருக்க, சரியாது நிற்கும் தாழ்வாரங்களைத் தாங்க அவை மற்றோரிடத்தில் இல்லை. இவ்வேறுபாட்டைப் பழமை விளக்காது, பார்வையே விளக்குகிறது. கடற்கரைக் கட்டடம் ஒளிப்படத்தில் இடம்பெறுகிறது.

மேலும், முகப்பைக் காப்பது பிரெஞ்சு வீட்டுக்கு ஓரளவு போதும். அது தெருவுக்குக் காட்டுவது மதிலையே. தமிழ் வீட்டில் தாழ்வாரத்தின் பொருள் அதில் ஒருவர் அமர்வதில் இருக்கிறது. கம்பியடைத்த தாழ்வாரமும் கடைப்பலகை மறைத்த திண்ணையும் வடிவத்தால் எஞ்சினும் பயனால் மறைந்தவையே. எனவே இருபகுதிக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது நடுநிலைபோலத் தோன்றினும், விளைவில் ஒருபக்கச் சார்புடையதாகிறது.

8. முடிவுரை

இக்கட்டுரையில் கண்டவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம். முதலாவதாக, புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியும் தமிழர் பகுதியும் 1761ஆம் ஆண்டு அழிவிற்குப் பின் ஒருங்கே எழுந்தவை. அழிவுக்கு முற்பட்ட முதன்மையான குடியிருப்புச் சான்று தமிழர் பகுதியிலேயே உள்ளது. இரண்டாவதாக, அங்காடியும் சமையலும் இருபகுதிகளும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கியதற்கு வாழும் சான்றுகள். மூன்றாவதாக, பயணப்பாதையே பாதுகாப்பின் எல்லையையும் வரையறுக்கிறது. அப்பாதை மாறாதவரை அளவுகோலும் மாறாது.

நாட்குறிப்பின் இடப்பெயர்களையும் தெருப்பெயர்களையும் 18ஆம் நூற்றாண்டு வரைபடங்களோடு ஒப்பிட்டு நிலப்படம் உருவாக்குதல், தாழ்வாரங்களின் இன்றைய பயன்பாட்டைத் தெருவாரியாகப் பதிவு செய்தல், குபேர் அங்காடி விற்பனையாளரின் வாய்மொழி வரலாற்றைத் தொகுத்தல் ஆகியவை உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும். இவற்றுள் இறுதியானது காலத்தோடு போட்டியிடுவது. வீட்டின் வரைபடத்தைப் பின்னரும் வரையலாம். இருபுறமும் கூடைகள் இருந்த வரிசையில் யார் அருகில் யார் அமர்ந்தனர் என்பதை, அவ்வரிசை கலைந்தபின் கேட்டறிய இயலாது.